முட்டையின் கணக்கு குஞ்சிலேயே தொடங்குகிறது



2022-ஆம் ஆண்டின் இறுதியில் நம் மலேசியாவில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழகத்தின் நாமக்கல்லிலிருந்துகூட முட்டை தருவிக்கப்பட்டது. சோளமும் சோயாவும் விலையேறியதே அன்று பெரும் பேச்சாக இருந்தது. தீவனம் விலையேறும்போது, 'இன்னும் முட்டையிடாத கோழிதானே, அதற்குக் குறைத்துக் கொள்ளலாம்' என்று எண்ணத் தோன்றும். இந்தச் சிக்கனம் சரிதானா?

முட்டைக்கோழி ஏறக்குறைய 18 வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. ஆனால், அதன் எலும்புக்கட்டில் பெரும்பகுதி 12 வாரத்திற்குள்ளேயே அமைந்துவிடுகிறது. முதல் 6 வாரத் தீவனத்தில் 18 முதல் 20 விழுக்காடு புரதம் வேண்டும். அதைக் குறைத்தால் உடற்கட்டு சிறுத்துவிடும். பிறகு எவ்வளவு போட்டாலும் கொழுப்பு ஏறுமே தவிர எலும்பு நீளாது. எடை குறைந்த கோழி தாமதமாக முட்டையிடும், முட்டையும் சிறுத்திருக்கும். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இதுதான்.

அதற்காக அள்ளிக் கொட்டுவதும் தவறு. அளவுக்கு மீறிக் கொழுத்த கோழிக்கு முட்டையிடும்போது முட்டைக்குழாய் வெளியே தள்ளும் அபாயம் உண்டு.

அடுத்து, சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஆகவே முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 விழுக்காடு கால்சியம் சேர்க்கிறார்கள். வளரும் கோழிக்கோ 1 விழுக்காடே போதும். முட்டைக்கோழித் தீவனத்தையே வாரக் கணக்கில் குஞ்சுகளுக்குப் போட்டால் சிறுநீரகம் பழுதாகும். முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்னதாகத்தான் கோழி தன் எலும்புக்குள் கால்சியத்தைச் சேமிக்கத் தொடங்குகிறது. கால்சியத்தைக் கூட்ட வேண்டிய நேரம் அதுவே.

இதற்கெல்லாம் துணை ஒரு தராசு. வாரந்தோறும் சில கோழிகளை எடை போடுங்கள். நூற்றுக்கு எண்பது கோழிகளாவது சராசரி எடைக்கு 10 விழுக்காடு மேலே அல்லது கீழே என்ற வரம்புக்குள் இருந்தால், வளர்ப்பு சரியாகப் போகிறது என்று பொருள்.

2025 ஆகஸ்ட் 1 முதல் முட்டைக்கான மானியமும் விலைக் கட்டுப்பாடும் நீங்கிவிட்டன. பண்ணையில் இன்று மிச்சம் பிடிக்கும் ஒரு பிடி தீவனம், சில மாதங்களில் நம் சமையலறைச் செலவாகத் திரும்பி வரும். வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழி வளர்ப்பவருக்கும் இதே கணக்குதான். குஞ்சுக்குக் கொடுப்பதைச் செலவென்று எழுதாதீர்கள், அது முதலீடு.