ஒரே கிண்ணம், இரண்டு கல்லறை

துன்பத்தில் ஆறுதல், கடனில் வழிகாட்டல், நோயில் நம்பிக்கை என்று தலைப்பு அச்சிட்டு, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாற்பது நோன்பு நாள்களான தவக்காலத்தில் ஊருக்கு ஊர் கூட்டம் கூட்டும் தமிழ்நாட்டுத் திருச்சபைகள், அதே தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறான 2008 மார்ச் 9 அன்று எறையூரில் நடந்ததை எந்தத் தலைப்பின்கீழ் வைக்கப்போகின்றன என்பதே இந்த மேடையின் கேள்வி. அன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூரில், தலித் கத்தோலிக்கர் தங்களுக்கெனத் தனிப் பங்கு, அதாவது தனி ஆலய நிர்வாகமும் தனிப் பங்குத்தந்தையும், கேட்டிருந்தனர். அவர்கள் வீட்டுப் பிணம் ஊரின் பொதுத் தெரு வழியே போகலாமா என்ற பழைய வழக்கும் தீராமல் கிடந்தது. வன்னியக் கத்தோலிக்கரோடு மோதல் மூண்டு, தலித் வீடுகள் தாக்கப்பட்டு, காவல்துறை சுட்டதில் இருவர் மாண்டனர். கத்தோலிக்க வழிபாட்டு ஒழுங்கின்படி அந்த ஞாயிற்றுக்குரிய நற்செய்தி, நான்கு நாள் கல்லறையில் கிடந்த இலாசரை இயேசு வெளியே அழைத்த பகுதி. கல்லறை திறந்த செய்தி வாசிக்கப்பட வேண்டிய நாளில், கல்லறைக்குப் போகும் வழிக்காகத் துப்பாக்கி வெடித்தது.

இதைச் சொன்னவுடன் எழும் மறுமொழி ஒன்றுண்டு: சாதி ஊர் வழக்கம், விசுவாசம் ஆன்மாவின் காரியம், இரண்டையும் குழப்பக்கூடாது. ஆன்மாவுக்கு மட்டுமே விசுவாசம் என்றால், உடம்பைப் புதைக்க மட்டும் திருச்சபை எதற்கு இரண்டு நிலம் ஒதுக்குகிறது என்பதற்கு அந்த மறுமொழியில் இடமில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே எழுப்பிய சுவரைப் பார்த்தவர்கள், கடைசி நாளில் எக்காளம் ஊத வரும் தூதன் அச்சுவரின் எந்தப் பக்கம் நின்று ஊதுவான் என்று கேட்டால், பங்குப் பேரவை கூடி முடிவெடுக்கும் என்று பதில் வரக்கூடும்.

இந்த நோய் நேற்று வந்ததன்று என்பதையும், இதற்கு மருந்து கண்டவர்கள் இந்த மண்ணிலேயே நடமாடினார்கள் என்பதையும் திருவண்ணாமலை அவையோர் அறிந்திருக்க வேண்டும். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைத் திருச்சபையிலிருந்து உடனடியாகவும் முற்றாகவும் நீக்க வேண்டும் என்று 1833இல் சுற்றறிக்கை விட்டார். அதைக் கேட்டு மனந்திரும்பியவர்களைவிட ஆலயத்தை விட்டு வெளியேறியவர்களே பேசப்பட்டார்கள். பெத்லகேம் குறவஞ்சியில் விசுவாசத்தைக் குறத்தியாக உருவகித்துப் பாடிய, வேளாளரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், அந்தக் குறத்தி ஆலயத்துக்குள் வந்து அருகில் உட்கார்ந்தால் ஏற்கமாட்டாதவராக, இளம் மிஷனெரிகளோடு சாதி இருக்கைக்காக மல்லுக்கு நின்றார். பாட்டில் குறத்தி, பாயில் வேளாளர்! இலைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரௌல் சாதியைச் சமூக வழக்கம் என்று விட்டுவைத்தவர். பிறப்பில் எல்லோரும் ஒன்று என்று பாடிய வள்ளுவரை 1856இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தவரும் அவரே. மொழிபெயர்ப்பாளர் தாம் பெயர்ப்பதைப் படிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை போலும்.

அவருக்கு எதிரே நின்றவர் கார்ல் ஓக்ஸ். ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ண மறுப்பவர் ஊழியத்துக்கு உரியவர் ஆகார் என்று வாதாடி, அந்த வாதம் எடுபடாதபோது இலைப்சிக் மிஷனை விட்டு விலகி, கடலூருக்கு மேற்கே மேல்பட்டாம்பாக்கத்தில் 1860களில் அவர் தொடங்கிய பணியை டேனிஷ் மிஷன் ஏற்றுக்கொண்டது. திருவண்ணாமலையில் சாதி சமயம் பாராமல் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படித்து வெளியேறிய டேனிஷ் மிஷன் பள்ளியும், இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் அந்த வேரில் கிளைத்தவை. சோற்றுப் பந்தியில் எழுந்த சண்டையில் பிறந்த திருச்சபை அது. அத்தகைய பிறப்புடைய வட்டாரத்திலேயே இன்னும் இரண்டு கல்லறை பேசப்படுகிறது என்றால், மறதிக்கும் ஒரு எல்லை வேண்டாமா?

அன்றாடப் போராட்டத்துக்கும் கல்லறைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர், செவ்வாய்க்கிழமை காலையில் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள எந்தக் கிராமத்துத் தெருவிலும் பார்க்கலாம். குழுக் கடன் வசூலிக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்; பத்துப் பெண்களில் ஒருத்தியின் தவணை வராவிட்டால் மற்ற ஒன்பது பேரும் எழுந்திருக்க முடியாது; ஒருத்தி முந்தானையில் முடிந்த ஐம்பது ரூபாயை அவிழ்க்கிறாள், இன்னொருத்தி மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். இப்பெண்களுக்கு ஆண்டவர் கற்பித்த செபத்தில், நாள்தோறும் வேண்டும் அப்பத்துக்கு அடுத்த விண்ணப்பமே மன்னிப்பைப் பற்றியது. பழைய தமிழ் வேதாகமம் அங்கே பாவத்துக்கு எழுதியிருக்கும் சொல் கடன். பசியையும் கடனையும் அடுத்தடுத்து வைத்த அந்தச் செபத்தின் பொருளை விளக்க வேண்டியவர்களோ, மூன்று இரவு கூட்டத்துக்கு வந்தால் கடன் பறந்துவிடும் என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். கூட்டம் முடிந்ததும் காணிக்கைப் பை வருகிறது. ஜெப எண்ணெய்க் குப்பிக்குத் தனி விலை. கடன்பட்டவளிடமே வசூலித்துக் கடன் தீர்க்கும் இந்தக் கணக்கு ரிசர்வ் வங்கிக்கே புரியாது.

விசுவாசம் தரும் நம்பிக்கை எப்படி வேலை செய்யும் என்பதற்குத் திண்டிவனத்தில் நடந்த ஒன்று போதும். 1890களின் தொடக்கத்தில் ஓர் இரவு, மிஷனெரி மருத்துவரின் மகளான இளம்பெண் ஐடா ஸ்கடரிடம், பிரசவ வேதனையில் தவிக்கும் மனைவியருக்காக மூன்று ஆடவர் அடுத்தடுத்து வந்து உதவி கேட்டனர். அவர் மருத்துவம் படித்திருக்கவில்லை. படித்த தந்தையை அனுப்பலாம் என்றால், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போயினர். மூன்று பெண்களும் இறந்தனர். காலையில் சாவு மேளம் கேட்ட அந்தப் பெண் அமெரிக்கா சென்று மருத்துவராகித் திரும்பி, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, இன்று திருவண்ணாமலையிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் மருத்துவக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு செல்வோர் நம்பிப் போகும் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை பால் பிராண்ட் வகுத்ததும் அங்கேதான். மூன்று சவ ஊர்வலங்கள் ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் முழுதும் வழிகாட்டின. எறையூரிலும் சவ ஊர்வலந்தான் பிரச்சினை. அங்கே அது யாருக்கும் வழிகாட்டவில்லை.

பஞ்சத்தில் கஞ்சிக்கு மதம் மாறியவர்கள்தாமே என்று ஏளனம் செய்வோர்க்கும் ஒரு வார்த்தை. 1876 முதல் 1878 வரை இந்த வட ஆற்காட்டு மண் காய்ந்து மனிதர் சாலையோரம் விழுந்த காலத்துக்குப்பின், சேத்துப்பட்டில் தாரஸ் அடிகளாரிடம் ஊர் ஊராக வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். பசித்தவனுக்குச் சோறு போட்டது குற்றமா, போடாமல் கதவடைத்தது குற்றமா? குற்றம் அதற்குப் பிறகு நடந்தது: கஞ்சி ஊற்றும்போது ஒரே பானை வைத்திருந்த திருச்சபை, புதைக்கும்போது இரண்டு குழி தோண்டியது.

அரசும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. பட்டியல் சாதி ஆணையின் 1950ஆம் ஆண்டு வாசகம் இந்துக்களை மட்டும் ஏற்று, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டு, கிறித்துவத் தலித்துகளை வெளியே நிறுத்தியிருக்கிறது. கிறித்துவத்தில் சாதி இல்லையே என்று காரணம் சொல்லும் பெருமக்களை ஒருமுறை கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்வது நல்லது. ஆனால், டெல்லியை நோக்கி ஆண்டுதோறும் கறுப்புக்கொடி காட்டும் ஆயர்கள், அதே கொடியைத் தம் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் கட்டிய பிறகு டெல்லிக்குப் போனால் குரலுக்குக் கொஞ்சம் எடை கூடும்.

இம்மாவட்டத்துத் தென்முடியனூரில், ஏறத்தாழ எண்பது ஆண்டு காத்திருந்த தலித் மக்கள், 2023 ஜனவரி 30 அன்று காவல்துறைப் பாதுகாப்போடு முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அன்று அங்கே சிலருக்குக் கோபம் வந்தது, சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனாலும் கதவு திறந்தது. அதைப் பார்த்து, எங்கள் ஆலயக் கதவு என்றைக்கும் திறந்தே இருக்கிறது என்று மார்தட்டியவர்களுக்கு, கதவுக்குப் பின்புறம் இருக்கும் தோட்டத்தின் நினைவு வரவில்லை. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் பௌர்ணமி இரவில் முன்னே நடப்பவன் யார் என்று பின்னே நடப்பவன் கேட்பதில்லை. திருவிருந்தில், அதாவது கிறித்துவின் இறுதி உணவை நினைந்து அப்பமும் இரசமும் பகிரும் சடங்கில், ஒரே கிண்ணத்தில் வாய் வைத்தவன், அந்த வாய் மூடியபின் எந்த மண் என்று கேட்கிறான். கிண்ணத்தில் ஒட்டாத தீட்டு மண்ணில் எங்கிருந்து ஒட்டும்?

அவையோரே, வரும் நவம்பர் 2, இறந்தோரை நினைக்கும் கல்லறைத் திருநாளில், மெழுகுவத்தியும் சாமந்திப் பூவும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு தோட்டத்துக்குப் போவீர்கள். அன்று அருள்தந்தையிடமோ ஆயரிடமோ ஆசீர்வாதம் கேட்பதற்கு முன்பு அடக்கப் பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தோட்டத்துக்கு வாசல் ஒன்றா இரண்டா என்று எண்ணுங்கள். இரண்டு இருந்தால், கையிலுள்ள மெழுகுவத்தியை மறுபக்கத்துக் கல்லறையில் ஏற்றிவிட்டு, அந்தச் சுவர் அடுத்த நவம்பருக்குள் இடிபடும் என்ற எழுத்துக் கைக்கு வரும் வரை அங்கேயே உட்காருங்கள்.