வளைந்த படியும் வளையாத விதியும்

(வெள்ளவத்தையில் நடைபெற்ற கூட்டமொன்றில் கட்டிடப் பொறியியலாளர் ஒருவர் ஆற்றிய உரை)



மொழியுரிமையும் நிலவுரிமையும் முழங்கும் மேடையிலே மாடிப்படியைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கின்றானே என்று நீங்கள் வியத்தல் கூடும். உரிமைகளுக்கெல்லாம் முதலானது உயிரோடு வாழும் உரிமை. அவ்வுரிமை சில வேளைகளில் ஒரு படியின் அகலத்திலே தங்கி நிற்கின்றது. ஆகவேதான் இதனைப் பேச முன்வந்தேன்.

1983ஆம் ஆண்டின் கொடுமைக்குப் பின்னும், தொடர்ந்து வந்த போர்க்காலத்திலும், இடம்பெயர்ந்த நம் மக்கள் பெருந்தொகையாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறினர். நிலம் விரியவில்லை, கட்டிடங்கள் உயர்ந்தன. கீழே கடை, அதன்மேல் கல்வி நிலையம், அதற்கும் மேலே விழா மண்டபம் என ஒரே கட்டிடத்தில் நூற்றுக்கணக்கானோர் கூடும் நிலை உண்டாயிற்று. வன்னியிலே வயல் உழும் கமக்காரனின் பிள்ளையும் படிப்புக்கோ வேலைக்கோ கொழும்புக்கு வந்தால் இத்தகைய படிகளிலேதான் ஏறி இறங்க வேண்டும்.

சுழற்படியைக் கட்டுவோர் எதற்காகக் கட்டுகின்றனர்? இடத்தை மிச்சப்படுத்தவே. மூன்று மீற்றர் உயரத்துக்கு, ஒவ்வொரு படியும் 150 மில்லிமீற்றர் உயரமும் 300 மில்லிமீற்றர் அகலமுமாக, நேர்ப்படியை ஒரே ஓட்டமாக அமைத்தால் அது 5.7 மீற்றர் நீளத்தை விழுங்கும். சுழற்படியோ ஒன்றரை மீற்றர் வட்டத்துள் அடங்கிவிடும். மிஞ்சிய இடத்திலே மேலும் ஒரு கடை வைக்கலாம், வாடகை பெறலாம். கணக்குச் சரிதான். ஆனால், அந்தக் கணக்கிலே மனித உயிர் சேர்க்கப்படவில்லை.

வண்டிச் சில்லைப் பாருங்கள். ஆரக்கால்களுக்கு இடைப்பட்ட வெளி, குடத்தின் பக்கம் ஒடுங்கியும் வட்டையின் பக்கம் விரிந்தும் இருக்கின்றது. சுழற்படியின் ஒவ்வொரு படியும் அவ்வடிவினதே. வெளிப்புறமாக இறங்குபவனுக்குக் கால் வைக்க இடமுண்டு; உட்புறமாக இறங்குபவனுக்கோ குதிக்கால் ஊன்றவும் இடமில்லை. இரண்டு மூன்று படி இறங்கியதும் கால் தானே ஓர் அளவைப் பழகிக்கொள்கின்றது. நெரிசலிலே ஒருவன் ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டால் அந்த அளவு மாறுகின்றது, கால் இடறுகின்றது, ஒருவன் விழப் பின்னால் வருவோரும் விழுகின்றனர். வளைவு மறைப்பதால், முன்னே விழுந்தவனைப் பின்னே வருபவன் காண்பதுமில்லை.

இக்காரணங்களை ஆராய்ந்தே பல நாடுகள் விதி வகுத்துள்ளன. அமெரிக்காவிலே பெரிதும் கையாளப்படும் கட்டிட விதித்தொகுப்பு, திருப்பத்திலே ஒடுங்கும் படிகளைத் தனி வீட்டுக்குள் அனுமதிக்கின்றது; பொதுமக்கள் தப்பியோடும் வழியிலே பொதுவாக அனுமதிப்பதில்லை. வீட்டுக்கு வெளியே சுருள்படி வைப்பதாயின், 250 சதுர அடிக்கு மேற்படாததும் ஐவருக்கு மேல் இல்லாததுமான சிற்றிடத்துக்கே அது பொருந்தும் என்கின்றது. இந்தியாவின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, வளைந்த படியைத் தப்பும் வழியாகக் கொள்ளலாகாது என்றே கூறுகின்றது. தப்பும் வழியைச் சென்றடையும் பாதையிலே மட்டும் அதனை அமைக்கலாம். அங்கும் ஒடுங்கிய ஓரத்திலிருந்து 450 மில்லிமீற்றர் தள்ளி அளந்தால் படியின் அகலம் 220 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. சுருள்படியாயின், ஒன்பது மீற்றர் வரை உயர்ந்த, சிலரே புழங்கும் கட்டிடத்துக்கே உரியது. அதன் விட்டமும் 1500 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. கலங்கரை விளக்கின் காவலனுக்குச் சுருள்படி போதும்; கலியாண மண்டபத்துக்குப் போதாது.

படியைப் புறக்கணித்தால் விளைவது யாது? 1883ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரிலே, வேடிக்கைக் காட்சியின் முடிவில் பரிசு வழங்குவதாகக் கேட்ட சிறுவர்கள் மேல்மாடத்திலிருந்து படிவழியே ஓடி இறங்கினர். அடியிலிருந்த கதவோ ஒரு பிள்ளை மட்டும் நுழையத்தக்க இடைவெளியோடு தாழிடப்பட்டிருந்தது. ஒடுங்கிய படலையிலே பட்டி மாடுகள் முட்டி மோதுவதுபோல் நெரிந்து 183 பிள்ளைகள் மாண்டனர். நெடுந்தொலைவுக் கதை என்று எண்ணாதீர்கள். 2004ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாள், நம் தமிழ் மண்ணாகிய கும்பகோணத்திலே, பள்ளியொன்றிலே தீப்பற்றி 94 பிள்ளைகள் கருகினர். அங்கும் படிக்கட்டு ஒடுக்கமானதே.

நம் நாட்டிலே சட்டம் இல்லையா? உண்டு. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் உண்டு. அச்சட்டத்தின்படி, அனுமதி பெற்ற வரைபடத்துக்கு அமையக் கட்டி முடிக்கப்பட்டது என்னும் இணக்கச் சான்றிதழ் பெறாமல் கட்டிடத்திலே குடிபுகலாகாது. மாற்றுத்திறனாளிகளும் பொதுக் கட்டிடங்களை அணுக வேண்டும் என்பதற்காக 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் 2006ஆம் ஆண்டிலே ஒழுங்குவிதிகளும் பிறந்தன. சட்டம் ஏட்டிலே நேராக நிற்கும்போது, படி கட்டிடத்திலே வளைந்து கிடப்பதற்கு இடங்கொடுத்தவர் யார்?

அதிகாரிகளை மாத்திரம் குறை கூறிப் பயனில்லை. கடையும் மண்டபமும் கல்வி நிலையமும் நடத்துவோர் பலர் நம்மவரே. படியிலே சரக்கு மூட்டைகளை அடுக்குபவரும், கள்வருக்கு அஞ்சிப் பின்வாசலைப் பூட்டிவைப்பவரும் நம்மிடையே உளர். உரிமை கேட்கும் சமுதாயம் தன் பிள்ளைகளுக்குச் செய்யும் கடமையிலே தவறலாகாது.

ஆதலின், நாம் கோர வேண்டியவை இவை: மக்கள் கூடும் கட்டிடத்திலே சுழற்படி ஒருபோதும் தனி வழியாக இருத்தலாகாது. நேரான இரண்டாவது படி, எட்டத் தள்ளி, வெளிவாசலை நோக்கி அமைய வேண்டும். இருமருங்கும் இடையறாத கைபிடி வேண்டும். மின்சாரம் நின்றாலும் அணையாத விளக்கு வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆகவே கட்டிட விதிகளைத் தமிழிலே கேட்டுப் பெறுங்கள். தப்பும் வழி இதுவென்று காட்டும் பலகையிலும் தமிழ் இருக்கட்டும். தீயின் நடுவே நிற்பவனுக்கு மொழிபெயர்ப்பாளன் கிடைக்கமாட்டான்.

நாளைக்கே தொடங்குங்கள். உங்கள் பிள்ளை படிக்கும் மாடிக்கு ஏறிச் செல்லுங்கள். இறங்கும் வழிகளை எண்ணுங்கள். ஒன்றுதான் உண்டு, அதுவும் சுழல்கின்றது என்றால், உரிமையாளரிடம் இணக்கச் சான்றிதழைக் காட்டும்படி கேளுங்கள். காட்ட மறுத்தால் மாநகர சபைக்கு எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். பிணங்களை எண்ணுவதற்கு முன் படிகளை எண்ணுவோம்.