சாம்பிராணிப் புகையும் சிசுவின் மூச்சும்



பச்சைக் குழந்தையை நீராட்டி, துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டித் தொட்டிலில் இடுகிற காரியத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு கலையாகவே கையாண்டு வந்திருக்கிறார்கள். கலை என்று நான் சொல்வது உபசாரத்துக்காக அன்று. மணையில் அமர்ந்து கால் இரண்டையும் நீட்டி, கணைக்கால்களுக்கு நடுவே குழந்தையைக் கிடத்தி, விரல் நுனியால் எண்ணெயைத் தேய்த்து, நெற்றியின் மேல் இடக்கையை அணைபோல் வைத்துக் கண்ணிலும் காதிலும் ஒரு துளி புகாமல் வெந்நீர் வார்க்கும் ஒரு பாட்டியின் கைகளைக் கவனித்தவர்களுக்கு, அதில் எத்தனை தலைமுறைகளின் அப்பியாசம் அடங்கியிருக்கிறது என்பது விளங்கும். நீராட்டு முடிந்ததும் பழைய வேட்டித் துணியால் குழந்தையைப் போர்த்தித் துவட்டுவார்கள்; தூபக்காலில் அடுப்புத் தணலை வாரிப்போட்டு, இடித்து வைத்த சாம்பிராணியை ஒரு சிட்டிகை தூவுவார்கள்; புகை குபீரென்று எழும்போது அதை உள்ளங்கையில் ஏந்தி உச்சியில் தடவுவார்கள். சில வீடுகளில் குழந்தையையே புகைக்கு மேலாகத் தாழ்த்திக் காட்டுவதும் உண்டு. இன்னும் சில வீடுகளில் மூங்கில் கூடையைத் தணலின்மேல் கவிழ்த்து, குழந்தையின் துணிகளை அதன்மேல் பரப்பி மணம் ஏற்றுவதும் உண்டு. அதன்பின் குழந்தை அயர்ந்து தூங்கும். அந்தத் தூக்கத்தைக் கண்டு, "எல்லாம் சாம்பிராணியின் மகிமை" என்று பாட்டி சொல்வார்.

இந்தக் கலையை மதிப்பிடுகிறவன் முதலில் செய்ய வேண்டிய காரியம், புகழைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான். குழந்தை தூங்குவதற்குக் காரணம் எண்ணெய்க் கையின் இதமான அழுத்தமும், வெந்நீரின் சூடும், குளித்த களைப்பும், அதன்பின் வயிறு நிறையக் குடித்த பாலுமே. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஈரம் தங்காமல் துவட்டுவதால் புண் வராமல் இருக்கிறது. இத்தனை உபகாரங்களையும் செய்தவை கையும் நீரும் துணியும். ஆனால் கடைசியாக வந்து, கண்ணுக்குத் தெரியும்படி எழுந்து, வீடெல்லாம் மணத்தைப் பரப்பிவிட்டுப் புகழ் அனைத்தையும் தட்டிக்கொண்டு போனது புகை.

சாம்பிராணி என்பது சுமத்ரா, தாய்லாந்து முதலிய கீழ்த்திசைக் காடுகளில் வளரும் மரங்களின் பிசின். மரப்பட்டையைக் கீறிவிட்டால் கசிந்து, காற்றுப்பட்டு இறுகும் அந்தப் பிசின் பல நூற்றாண்டுகளாகக் கப்பலேறி நம் துறைமுகங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதைச் சாராயத்தில் கரைத்த திராவகம் மேனாட்டு வைத்தியத்தில் காயங்களின்மேல் தடவும் மருந்தாக வழங்கிவந்ததும் மெய்யே. 'சாம்பிராணி கிருமிகளைக் கொல்லும்' என்று வாதிப்பவர்கள் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால் பிசினைக் கரைத்துப் புண்ணில் தடவுவது வேறு, அதைத் தணலில் எரித்துச் சுவாசிப்பது வேறு. எரிகிற எந்தப் பிசினும், எந்தக் கட்டையும், எந்தத் திரியும் பூரணமாக எரிவதில்லை. நெஞ்சுக்குள் ஆழமாக இறங்கக்கூடிய நுண்துகள்களையும், ஃபார்மால்டிஹைடு போன்ற காந்தும் வாயுக்களையும், கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடையும் அந்தப் புகை தன்னோடு கொண்டுவருகிறது. இவற்றுள் கடைசியாகச் சொன்னதற்கு மணமே கிடையாது. இருப்பது தெரியாமலே இருக்கும்.

அந்தப் புகை பெரியவர் நெஞ்சில் போவதற்கும் சிசுவின் நெஞ்சில் போவதற்கும் வித்தியாசம் மிகுதி. நாம் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தையோ 30 முதல் 60 தடவை விடுகிறது. உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால் நம்மைவிட அதிகக் காற்றை அது உள்ளே வாங்குகிறது. முதல் சில மாதங்களில் பெரும்பாலும் மூக்கினாலேயே சுவாசிக்கிறது. அந்த மூக்கின் துவாரமோ ஒரு துளி சளி அடைத்தாலும் பால் குடிக்கத் திணறுகிற அளவுக்குச் சிறியது. நுரையீரலின் காற்றறைகளும் பிறக்கும்போது முழுவதும் அமைந்துவிடுவதில்லை. பிறந்தபின்னும், முக்கியமாக முதல் 2 ஆண்டுகளில், அவை பெருகிக்கொண்டே இருக்கின்றன. சுண்ணாம்பு காயாத சுவரில் கரி பூசுவதுபோல, அமைந்துகொண்டிருக்கும் உறுப்பிலேயே புகையை ஏற்றுகிறோம்.

அன்றியும், அந்தச் சிறு மூக்குக்கு வேறொரு வேலை இருக்கிறது. 1975இல் மெக்ஃபார்லேன் என்ற ஆங்கில மருத்துவர், தாயின் மார்பில் வைத்திருந்த பஞ்சுத் துணியையும் வேறொரு பெண்ணின் துணியையும் சிசுவின் முகத்துக்கு இருபுறமும் தொங்கவிட்டுப் பார்த்தார். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தைகள் பெரும்பாலும் தாயின் துணியிருக்கும் பக்கமே திரும்பின. 1994இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், தாயின் ஒரு மார்பை மட்டும் கழுவிவிட்டு, பிறந்த சிசுவை நடுவில் கிடத்தினார்கள். 30 குழந்தைகளில் 22 கழுவாத மார்பையே நாடிச் சென்றன. கண் தெளியாத பருவத்தில் மூக்குதான் சிசுவுக்கு வழிகாட்டி. அப்படியிருக்க, தாயின் சேலையில் அத்தரையும், தொட்டிலில் வாசனைத் தைலத்தையும், அறையில் ஊதுபத்தியையும் நிரப்பிவிட்டு, 'குழந்தை ஏனோ சிணுங்குகிறது' என்று திருஷ்டி கழிப்பவர்களைக் காணும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

"நாங்களெல்லாம் அந்தப் புகையில் வளர்ந்தவர்கள்தாமே?" என்று பெரியவர்கள் கேட்பார்கள், கேட்பதும் நியாயமே. பிழைத்தவர்கள்தாம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும் என்பதை நான் மரியாதையோடு நினைவூட்டுவேன். அதோடு, அந்தக் காலத்து வீட்டில் முற்றம் திறந்திருந்தது. ஓட்டின் இடுக்கு வழியே புகை வெளியேறியது. சாம்பிராணியும் வாரத்துக்கு இரண்டொரு நாள், எண்ணெய்க் குளியலன்றுதான். இன்றைக்கு அடுக்குமாடி வீட்டில், ஜன்னலைச் சார்த்தி, திரையையும் இழுத்துவிட்டுக் கொளுத்தப்படும் 'கம்ப்யூட்டர் சாம்பிராணி' பெரும்பகுதி கரித்தூளும் பசையும் செயற்கை வாசனையுமே. அதில் பிசின் எவ்வளவு என்று தேடிப்பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய வீட்டைப் புகழ்வதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. விறகடுப்பின் முன் ஊதுகுழலோடு ஆயுள் முழுதும் இருமியவர்கள் அந்த வீட்டுப் பெண்களே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020ஆம் ஆண்டில் வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையின் காரணமாக உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களுள் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல்.

சாம்பிராணியை இவ்வளவு நேரம் விசாரித்துவிட்டு மற்றவற்றை விட்டுவிட்டால் அது அநீதி. அதைவிடப் பெரிய குற்றவாளி கொசுவர்த்திச் சுருள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், ஒரே ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள்களை வெளியிடுவதாகக் கண்டார்கள். சிகரெட் பிடிப்பவரைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் அண்டவிடாத குடும்பமே, இரவு முழுவதும் தொட்டிலின் காலடியில் சுருளைக் கனியவிடுகிறது. கொசுவும் சாமானியச் சத்துரு அல்ல என்பது டெங்குக் காய்ச்சலைக் கண்ட ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் தொட்டிலைச் சுற்றி ஓட்டையில்லாத கொசுவலை கட்டுவதற்கு மிஞ்சிய உபாயம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது பாச்சை உருண்டை. பேரன் பிறந்தான் என்றதும் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பழைய கம்பளியையும் பட்டுத்துணியையும் எடுத்து ஆசையோடு போர்த்துகிறோம். அதில் ஏறியிருக்கும் நாஃப்தலீன் வாசனை நம் மூக்குக்குப் பண்டிகை நாளை நினைவூட்டும். ஆனால் குருதியில் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த ஆவி சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். காமாலை மூளைவரை ஏறிவிடுவதும் உண்டு. கிரேக்க நாட்டு மருத்துவர்கள், பிறந்த குழந்தைகள் இந்த ஆவியைச் சுவாசித்ததால் நேர்ந்த விபரீதங்களை 1963இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நொதிக்குறை நம் நாட்டிலும் உள்ளது. குழந்தையின் முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே சிசுவுக்கென்று எடுத்து வைக்கும் துணிகளுக்குள் உருண்டை போடவே கூடாது. உலர்ந்த வேப்பிலையைப் பெட்டியில் போட்டு வைத்த நம் முன்னோர் இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிடப் புத்திசாலிகள்.

கற்பூரமும் இதே இனம். சளி கட்டியது என்று கற்பூரத் தைலத்தைச் சிசுவின் மார்பிலும் மூக்கடியிலும் தடவுவது ஆபத்து. கற்பூரம் உடலில் ஏறினால் குழந்தைக்கு வலிப்பு வரலாம். புதிதாகச் சாயம் அடித்த அறை, பினாயில் நெடி, வெளியே நின்று பீடி குடித்துவிட்டு அதே சட்டையோடு வந்து குழந்தையை மார்பில் அணைக்கும் தாத்தா, இவற்றைப் பற்றியெல்லாம் விரித்துச் சொல்ல நேரமில்லை. சாயம் அடிப்பதானால் பிரசவத்துக்கு நெடுநாள் முன்பே அடித்து, அறையைக் காற்றாட விட்டுவிட வேண்டும். தாத்தா சட்டையை மாற்றி, கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு வர வேண்டும். கழிப்பறைக்கு பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அவ்விரண்டும் சேர்ந்தால் எழுவது குளோரின் வாயு, அது குழந்தைக்கு மட்டுமல்ல, ஊற்றுகிறவருக்கே உலை வைக்கும்.

இவற்றிலெல்லாம் நம்மை ஏமாற்றுவது நம்முடைய மூக்குத்தான். மணமாயிருப்பது நல்லது, நாறுவது கெட்டது என்று அது தீர்ப்புச் சொல்கிறது. பெருங்காயமும் பூண்டும் வீடெல்லாம் நெடியடித்தாலும் தாளிப்புப் புகை அடங்கிய பிறகு குழந்தைக்கு ஒன்றும் செய்வதில்லை; ரோஜா மணக்கும் ஊதுபத்தியோ நெஞ்சை அரிக்கிறது. அடுப்படியில் பால் தீய்ந்தால் ஓடிப்போய் ஜன்னலைத் திறக்கிற நாம், பூஜையறையில் புகை மண்டும்போது கண்ணை மூடி அனுபவிக்கிறோம்.

ஆகையால் இந்தக் கலையில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்டால், எண்ணெய்க் கையையும் வெந்நீரையும் பழைய வேட்டித் துணியையும் சர்வ ஜாக்கிரதையாகக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பேன். தலை ஈரத்துக்கு இன்னொரு உலர்ந்த துணி போதும். சம்பிரதாயத்தை விட மனமில்லாதவர்கள், அந்தி வேளையில் ஜன்னல் கதவுகளையெல்லாம் திறந்து கூடத்தில் தூபம் காட்டட்டும்; அப்போது குழந்தை அத்தையின் இடுப்பில் ஏறி மொட்டை மாடியில் காக்கை பார்க்கட்டும்; மணம் முற்றும் அடங்கியபின் கீழே வரட்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையோ, மூச்சில் சீழ்க்கை கேட்கும் குழந்தையோ உள்ள வீட்டில் அதுவும் வேண்டாம். அந்தத் தூபக்காலைத் துலக்கிப் பரண்மேல் ஏற்றிவிடலாம்.