அடித்தளமும் ஒரு குழாயும்



நகர வளர்ச்சியில் கட்டடக்கலை நிறுவனத்துக்குரிய பங்கு எது என்னும் வினாவுக்கு, அது எழுப்பிய மாடங்களைச் சுட்டி விடை கூறுவதே வழக்கம். ஆனால், கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷி அகமதாபாத்தில் 1956இல் தொடங்கிய வாஸ்துசில்பா நிறுவனத்தின் பெருமையை, இந்தூரின் ஆரண்யா குடியிருப்பில் அது கட்டாமல் விட்டதைக் கொண்டே அளக்க வேண்டியிருக்கிறது.

ஆரண்யா, ‘மனையும் வசதியும்’ என்னும் முறையில் அமைந்தது. முழு வீட்டையும் கட்டித் தராமல், மனையையும் சாலை, குடிநீர், கழிவுநீர், மின் இணைப்புகளையும் தந்து, வீட்டைக் குடியேறுவோரே தம் வருவாய்க்கேற்பப் படிப்படியாகக் கட்டிக்கொள்ள விடுவது இம்முறை. சென்னையின் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர்ப் பகுதிகளிலும் 1970களின் பிற்பகுதியில் உலக வங்கிக் கடனுதவியுடன் இதுவே தொடங்கப்பெற்றது.

இந்தூர் வளர்ச்சி ஆணையத்துக்காக, ஏறத்தாழ 85 ஹெக்டேரில் 6,500 மனைகளை வகுப்பதற்கு, தோஷியின் குழுவினர் அந்நகரின் குடிசைப் பகுதிகளை ஆராய்ந்து, வாசல் மேடையும் மரநிழலும் வீட்டோரக் கடையும் அங்குள்ளோர் வாழ்வில் எவ்வளவு இன்றியமையாதவை என்பதைக் கண்டறிந்தார்கள். மிக எளியோருக்கு உரிய 35 சதுர மீட்டர் மனையில் அவர்கள் தந்தவை, கொத்தனார்கள் பேஸ்மட்டம் என்று அழைக்கும் அடித்தளம், ஒரு கழிப்பறை, ஒரு குழாய், மின் இணைப்பு ஆகியவையே. எஞ்சியதைக் குடும்பங்களே கட்டின: கையில் பணம் சேர்ந்தபோது ஓர் அறை, மகனுக்குத் திருமணமானபோது ஒரு மாடி, வாசலில் நம் திண்ணையை ஒத்த ‘ஓட்லா’ என்னும் மேடை என்று வீடுகள் வாழ்க்கையோடு சேர்ந்து வளர்ந்தன. வசதியுள்ளோருக்குப் பெரிய மனைகளை விற்றுக் கிடைத்த உபரி வருவாய் எளியோரின் மனை விலையைத் தாங்கியதால், பல வருவாய்ப் பிரிவினரும் ஒரே குடியிருப்பில் அமர முடிந்தது.

இப்பணிக்கு 1995இல் ஆகாகான் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2018இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்ற முதல் இந்தியராகவும் தோஷி விளங்கினார்.

ஏழையின் கையில் உள்ள கட்டும் திறனை நம்பியதே இந்நிறுவனம் நகரத்துக்குச் செய்த பெருந்தொண்டு. ஆகவே, நம் ஊர்களுக்குப் புதிய குடியிருப்பு வரைபடங்கள் வரும்போது, எத்தனை மாடி என்று கேட்பதற்கு முன்னர், அங்கு குடியேறும் குடும்பம் நாளை ஓர் அறை கூட்டிக்கொள்ள இடமுண்டா, மாலையில் அமர ஒரு திண்ணை உண்டா என்று கேட்பது குடிமக்களின் உரிமை. அதற்கு விடை வைத்திருப்பது கட்டடக்கலை நிறுவனங்களின் கடமை.