கொழும்பில் ஓர் அறையும் ஆறு மாத முற்பணமும்

(யாழ்ப்பாணத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று மொழியைப் பற்றியோ காணியைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிப் பேசாத கூட்டம் எமக்கு ஏது? ஆயினும் இன்று ஓர் அறையைப் பற்றிப் பேச அனுமதி கேட்கின்றோம். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள ஓர் அறை. அதனோடு ஒட்டிய குளியலறை. அடுப்பு வைக்க ஒரு மூலை. இவ்வளவையும் கொழும்பு மாநகரில் ஒரு தமிழ்ப் பிள்ளை தன் சொந்தச் சம்பளத்தில், தனியாக, வாடகைக்கு எடுப்பது எவ்வளவு அரிதாயிற்று என்பதே எம் பொருள்.

அண்மையில் வலிகாமத்துக் கமக்காரர் ஒருவர் எம்மிடம் வந்தார். அவருடைய மகள் கொழும்பில் ஒரு கம்பனியிற் கணக்கு வேலை பார்ப்பவர். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் அனெக்ஸைத் தரகர் காட்டினார். வாடகை மாதம் 40,000 ரூபா. முற்பணம் ஆறு மாதம்: 240,000 ரூபா. தரகருக்கு ஒரு மாத வாடகை புறம்பு. பிள்ளையின் கையில் அவ்வளவு காசு இல்லை. தகப்பனார் விதைக்கென்று கட்டித் தூக்கியிருந்த வெங்காயத்தை விற்றார். தாயாரின் காப்பு அடைவுக்குப் போயிற்று. மூன்று மாதம் கழிந்தது. ‘கனடாவிலிருந்து எங்கள் ஆட்கள் வருகிறார்கள், மாத முடிவில் விட்டுவிடுங்கோ’ என்றார் வீட்டுக்காரர். எஞ்சிய முற்பணத்தைக் கேட்டபோது, சுவருக்கு வர்ணம் பூசவும் குழாய் திருத்தவும் அது சரியாகிவிட்டது என்று பதில் வந்தது. அந்த வீட்டுக்காரர் தமிழர்; கோயிற் காரியங்களில் முன்னிற்பவர்.

உடன்படிக்கை எங்கே என்று கேட்டோம். இல்லை. பற்றுச்சீட்டு? அதுவும் இல்லை. ‘எங்கட ஆட்கள்தானே, எப்படிக் கேட்பது?’ என்றார் தகப்பனார். நல்ல காலமாக அவர் இரவு பஸ்ஸிற் காசைக் கொண்டுபோகப் பயந்து, வங்கி மூலம் வீட்டுக்காரரின் கணக்குக்கே அனுப்பியிருந்தார். அந்த வங்கித் துண்டு ஒன்றே எமக்குக் கிடைத்த சாட்சி. அதை வைத்துக் கோரிக்கைக் கடிதம் எழுதினோம். பேச்சுவார்த்தைக்குப் பின் பணத்திற் பெரும்பங்கு திரும்பி வந்தது. பிள்ளையோ இப்போது தெஹிவளையில் வேறு நால்வருடன் ஓர் அறையிற் படுக்கின்றார். இரவு வேலை முடிந்து வந்தால் விளக்குப் போட முடியாது.

இத்தகைய இடரை எம் முன்னோர் அறியாதவரல்லர். அவர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். அதன் பெயர் சமறி. இங்கே நரைத்த தலையினர் சிலர் புன்னகை செய்வதைக் காண்கின்றோம். எழுதுவினைஞராய்ப் போன ஊர்ப்பிள்ளைகள் ஆறேழு பேர் பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ ஒரு வீட்டை எடுத்து, ஒரு சமையற்காரரை வைத்து, மாத முடிவிற் செலவைத் தலைக்கு வகுத்துக்கொண்டார்கள். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின், விடுமுறை வந்தால் சமறி முழுவதும் ஒரே பெட்டியில் ஊர் திரும்பிற்று. 1958இல் கலவரம் வந்தபோது அவர்களிற் பலர் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். அடங்கிய பின் மீண்டும் போனார்கள். 1983 ஆடிக்குப் பின் அவ்வாறு திரும்பிப் போனவர் குறைவு.

சமறியின் அடித்தளம் என்ன? ஒரே அலுவலக நேரம், ஒரே ஊர், ஆண்கள் மட்டும். இம்மூன்றும் இன்று இல்லை. இன்று கொழும்புக்குப் போவோரிற் பெண் பிள்ளைகள் ஏராளம். ஒருவர் பகலில் வேலை செய்கின்றார், மற்றவர் இரவில். ஆகவே தனியாக வாழ விரும்பும் பிள்ளையைச் செருக்குப் பிடித்தவர் என்று ஏசுவது அறியாமை. வேலையும் படிப்பும் உறக்கமும் அவரை அங்கே கொண்டு நிறுத்தியுள்ளன. நால்வர் பகிர்ந்த வாடகையை ஒருவர் சுமக்கின்றார் என்பதே அவருடைய துயரத்தின் கணக்கு.

இனிச் சட்டத்துக்கு வருவோம். எம் தொழில் அதுவாதலின் சற்றுப் பொறுத்தருள்வீர்களாக.

யுத்த காலத்தில், 1942இல், கொழும்பு வாடகை கட்டுக்கடங்காது ஏறியபோது வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1948இல் 29ஆம் இலக்கச் சட்டமும், 1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் தொடர்ந்தன. இவை வாடகைக்கு ஓர் உச்ச அளவு வைத்தன. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்குவதைத் தடுத்தன. சொல்லப்பட்ட காரணமின்றி வாடகைக்காரரை எழுப்ப முடியாதென்றன. அதனால் விளைந்த தீமையையும் மறைக்க மாட்டோம். ஐம்பது ரூபா வாடகைக்கு முப்பது ஆண்டு இருந்தவரை எழுப்ப முடியாமல், தம் சொந்த வீட்டுக்காகவே நீதிமன்றத்தில் வயது போன சொந்தக்காரரை நாம் கண்டிருக்கின்றோம். வீட்டைப் பூட்டி வைத்தாலும் வாடகைக்கு விடோம் என்ற அச்சம் அங்கேதான் பிறந்தது. பின்னர் 1980இலும் 2002இலும் வந்த திருத்தங்கள், புதிய வீடுகளையும் புதிய வாடகைகளையும் பெரும்பாலும் அச்சட்டத்தின் நிழலிலிருந்து வெளியே எடுத்தன. விளைவு யாது? பழைய வீட்டிற் பழைய வாடகைக்காரருக்குக் குடை. இன்று பஸ்ஸால் இறங்கும் பிள்ளைக்கு வெயில். வெள்ளவத்தையிற் புதிதாய் எழும்பிய தொடர்மாடிகளில் வாடகையைக் கட்டுப்படுத்தும் கை ஒன்றுமில்லை.

அப்படியாயின் அப்பிள்ளைக்கு எஞ்சியிருப்பது என்ன? ஒரு பழைய சட்டம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும், நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும் ஒப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது என்று அதன் இரண்டாம் பிரிவு கூறுகின்றது. இதன் பொருளைக் கவனியுங்கள். வெற்றுத்தாளில் ‘ஒரு வருடம்’ என்று எழுதி, முத்திரை ஒட்டி, இருவரும் கையெழுத்து வைத்தாலும், அந்த ஒரு வருடம் சட்டத்தின் கண்ணில் இல்லை. வாடகை கொடுத்துக் குடியிருப்பதால் அவர் மாத வாடகைக்காரர் ஆகின்றார்; அவ்வளவே. ஒரு முழு மாத அறிவித்தலோடு அவருடைய வாடகை உரிமையை முடித்துவிடலாம். ஆறு மாதக் காசு கொடுத்தவருக்கு ஒரு மாதப் பாதுகாப்பு! சாப்பாட்டோடு அறை எடுத்திருக்கும் போடிங்காரருக்கு அதுவும் ஐயமே; அவர் வாடகைக்காரர் அல்லர், வீட்டுக்காரரின் அனுமதியில் இருப்பவர் என்றே வாதிக்கப்படும்.

எனினும், வாடகை உரிமை முடிந்தவரையும் பூட்டை மாற்றித் தெருவில் விட எவருக்கும் உரிமையில்லை. வெளியேற்றுவது நீதிமன்றத்தின் வேலை. பலாத்காரமாக வெளியேற்றப்பட்டு அமைதி குலையும் நிலை உண்டாயின், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின்படி இரண்டு மாதம் கடக்குமுன் முதனிலை நீதிமன்றத்தை நாடலாம். இதை அறியாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அழுதபடி ஊருக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர்!

வீட்டுக்காரருக்கும் நொத்தாரிசு உறுதியால் நன்மையுண்டு. தவணை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவில் மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு வழி வகுத்தது. அந்த வழி உறுதி உள்ளவருக்கே. ஆகவே பழைய அச்சத்துக்கு இன்று காரணம் குறைவு.

இன்னொரு சிறு காரியம். சிறிதெனினும் மாதா மாதம் கடிப்பது. மின்சாரக் கட்டணம் அலகு கூடக்கூட வீதமும் ஏறும் முறையில் அமைந்தது. அனெக்ஸுக்குத் தனி மானி இல்லாவிடின், பெரிய வீட்டின் குளிரூட்டியும் உங்கள் பிள்ளையின் ஒற்றை மின்விசிறியும் ஒரே மானியில் ஓடும். இரண்டும் சேர்ந்து மேல் வீதத்துக்கு ஏற, அந்த வீதத்திலேயே பிள்ளையும் பங்கு கொடுக்க வேண்டும். 2022 ஆவணியிலும் 2023 மாசியிலும் கட்டணம் அடுத்தடுத்து ஏறியபோது, வாடகையைத் தாங்கியவர்களும் இதைத் தாங்காமல் அறையை விட்டார்கள். அறை பார்க்கும்போது சுவரின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் மானியைப் பாருங்கள்.

‘தமிழருக்குக் கொடோம்’ என்பவரைப் பற்றிப் பேசமாட்டீரா என்று பின்வரிசையிலிருந்து ஓர் அன்பர் கேட்கின்றார். பேசுவோம். 2007 ஆனி 7ஆம் நாள், கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கும் மேற்பட்டோரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடையுத்தரவு இட்டது. விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் தந்துள்ளது. வீட்டில் இருப்போரின் பட்டியலைக் கேட்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு இடம் தருகின்றது. அப்பிரிவு யாருடைய கதவை அதிகம் தட்டியது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. தமிழருக்கு விட்டால் பொலிஸ் வரும் என்ற பயம் யுத்த காலம் முழுவதும் வீட்டுக்காரரைப் பிடித்திருந்தது; அதன் மிச்சம் இன்னும் சிலரிடம் உண்டு.

அரசு செய்தால் அடிப்படை உரிமை வழக்கு உண்டு. தனியார் மறுத்தால்? 12ஆம் உறுப்புரையின் மூன்றாம் பகுதி, இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக ஒருவரைத் தடுக்கலாகாத இடங்களைக் கூறுகின்றது. கடை உண்டு, உணவுச்சாலை உண்டு, ஹோட்டல் உண்டு, வழிபாட்டிடம் உண்டு. வாடகை வீடு இல்லை. அது அரசியலமைப்பில் உள்ள ஓட்டை, அடைக்கப்பட வேண்டியது, அதற்காகக் குரல் கொடுப்போம்.

ஆனால் அதே ஓட்டைக்குள் ஒளிந்திருப்போரில் எம்மவரும் உளர். வெள்ளவத்தையில் வீட்டுக்காரர் தமிழர், தரகர் தமிழர், வாடகைக்கு வருபவரும் தமிழர். அங்கே கேட்கப்படும் கேள்விகளை நீங்கள் அறிவீர்கள். ‘எந்த ஊர்?’ ‘ஊரிலை எந்தக் குறிச்சி?’ ‘கலியாணம் முடிச்சாச்சோ?’ ‘தனிய இருக்கிற பெண்பிள்ளைக்குக் குடுக்கிறேல்லை.’ குறிச்சியைக் கேட்பது எதற்கென்று கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். கொழும்பில் எமக்குச் சமத்துவம் வேண்டுமென்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டு வாசலில் இக்கேள்வியைக் கேட்பவர் எவ்வகை அரசியல் நடத்துகின்றார்? இச்சபையிலேயே கொழும்பில் அனெக்ஸும் தொடர்மாடி வீடும் உடையோர் பத்துப் பேராவது இருப்பீர்கள். கோபிக்க வேண்டாம், எம் குடும்பத்திலும் ஒருவர் உளர்.

உங்களிடம் கேட்பது தர்மமன்று. வாடகையைக் குறைக்கும்படி கேட்டால் நகைப்பீர்கள். 2022இல் ரூபா விழுந்து சீமெந்தின் விலை ஏறியதை நாமும் அறிவோம். முற்பணத்தை மூன்று மாதத்தோடு நிறுத்துங்கள். பழைய சட்டம் அதை நியாயம் என்று கண்டது. நாமும் அதை நியாயம் என்று கொள்வோம். ஒரு வருடத்துக்கு நொத்தாரிசு உறுதி எழுதி, செலவைப் பாதிக்குப் பாதி ஏற்றுக்கொள்ளுங்கள். மாதந்தோறும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். வெளிநாட்டு உறவினருக்காகப் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறவுங்கள்.

கமக்காரரே, உங்கள் பக்கத்திலும் வேலை உண்டு. காசைக் கையிற் கொடாதீர்கள், வங்கியால் அனுப்புங்கள். வீட்டைக் காட்டுபவர் சொந்தக்காரர்தானா என்று மாநகர சபை வரிச்சீட்டைக் கேட்டுப் பாருங்கள். பிறர் வீட்டைக் காட்டி முற்பணம் வாங்கி மறைந்தோர் உண்டு. உறுதி ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளங்காத இடத்திற் பிள்ளை ஒப்பமிட வேண்டாம்.

முற்பணத்துக்குத் தாயின் காப்பு ஏன் போக வேண்டும்? உரத்துக்கும் விதைக்கும் கடன் கொடுக்கும் எமது கூட்டுறவுச் சங்கங்கள் இதற்கும் கொடுக்கலாம். இது செலவாகும் கடனன்று. உறுதியில் எழுதினால் வீடு விடும் நாளில் திரும்பி வரும் காசு. சங்கத்தின் பெயருக்கே திரும்ப வேண்டுமென்று உறுதியில் ஒரு வாசகம் சேர்த்தாற் போதும். மூளாயில் கூட்டுறவு முறையில் ஓர் ஆஸ்பத்திரியையே நடத்திக் காட்டியவர்கள் எம் மக்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வெள்ளவத்தையிலோ வத்தளையிலோ இருபது தனியறை கொண்ட ஒரு விடுதியைச் சங்கங்கள் சேர்ந்து எடுக்க முடியாதா? முடியும் என்பவர் எங்கள் கணக்காளருடன் இருந்து வரவு செலவைப் பாருங்கள். முடியாது என்பவரும் வந்து ஏன் முடியாதென்று சொல்லுங்கள்.

குத்தகை உறுதியின் மாதிரி ஒன்றைத் தமிழில் எழுதி ஐம்பது பிரதி கொண்டுவந்துள்ளோம். வாயிலருகே மேசையில் இருக்கின்றது. வீடு உடையோர் ஒப்பமிட ஒரு கொப்பியும் அங்கேயே உண்டு. மூன்று மாத முற்பணம், பற்றுச்சீட்டு, குறிச்சி கேளாமை என்று தலைப்பில் எழுதியிருக்கின்றோம். முதற்பக்கம் இன்னும் வெறுமையாக உள்ளது. தேநீர் அதற்கு அப்பால், அந்த மேசையைக் கடந்துதான் வைக்கப்பட்டிருக்கின்றது.