ஒரு நாள் மலைநடை: எந்தப் பாதை, யாரோடு?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியான மருத்துவர் ஒருவர் தம் வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டை ஒட்டிப் பழைய மாணவிகள் எல்லோரும் சேர்ந்து ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குப் போவதென்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. பெயர்ப் பட்டியலைப் பார்த்தோம். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். பட்டியலின் கீழே நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி: 'காலை 6 மணி. உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி. எல்லோரும்.' அந்த 'எல்லோரும்' என்ற சொல்லைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

எங்கள் வகுப்பு ஏற்கெனவே இரண்டு தடவை அங்கே போயிருக்கிறது. முதல் தடவை பாதையைப் பிழையாகத் தெரிவு செய்தோம். இரண்டாம் தடவை சரியாகத் தெரிவு செய்தோம். எங்களுள் ஒருவர் மருத்துவர் என்பதால் பேசும் பொறுப்பு இந்தப் பக்கம் வந்தது. மருத்துவர் கூட இருந்தும் முதல் தடவை என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் கனமூலையில் வளர்ந்தவர்கள். களப்பும் தென்னந்தோட்டமும் உப்பளமும்தான் எங்கள் கண்ணுக்குப் பழக்கம். எங்கள் ஊரில் ஏறுவதற்கென்று இருந்தது பாடசாலையின் மாடிப்படி ஒன்றுதான். மலை என்றால் புவியியல் பாடத்தில் பழுப்பு நிறம் தீட்டிய இடம். ஆகவே ஹோட்டன் சமவெளி என்ற பெயரில் 'சமவெளி' என்று இருந்ததை நாங்கள் அப்படியே நம்பிவிட்டோம். சமவெளிதானே, நம் ஊரைப் போல நடந்துவிட்டு வரலாம் என்று நினைத்தோம்.

அந்தச் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீற்றர் ஏறும்போதும் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். புத்தளத்தில் விசிறி போட்டுக்கொண்டு இருக்கும் அதே நேரத்தில் அங்கே சுவெட்டர் போட்டுக்கொண்டு நிற்பார்கள். ஜனவரி மாதத்தில் சில விடியல்களில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும். காற்றும் மெலிதானது. ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஒட்சிசன், கடற்கரையில் கிடைப்பதில் ஐந்தில் நான்கு பங்கை விடச் சற்றுக் குறைவு. சுகமான உடம்புக்கு இது ஆபத்தில்லை. ஆனால் ஊரில் மூச்சு வாங்காமல் ஏறும் ஏற்றத்தில் அங்கே மூச்சு வாங்கும். இதயத்தில் மறைந்திருக்கும் குறை அங்கே வெளியே வரலாம்.

பெயர்க் காரணத்தையும் சொல்லிவிடுகிறோம், பிள்ளைகள் கேட்பார்கள். 1831 முதல் 1837 வரை இங்கே தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயர் அது. அதற்கு முன்பே அந்த வெளிக்கு மஹா எளிய என்று பெயர் இருந்தது. 1988 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பரப்பு 3,160 ஹெக்டேயர். 2010 இல் நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடுகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து நீர் போகிறது. கிணற்று நீர் உவர்த்துப்போகும் ஊர்களில் வளர்ந்த நமக்கு, காலுக்குக் கீழே சதசதவென்று ஊறிக் கிடக்கும் அந்தப் புல்வெளி ஒன்றே பார்க்கப் போதும்.

இனி முதல் பயணம். முந்திய நாள் வேனில் குருநாகல், கண்டி வழியாக நுவரெலியா போய் இரவு தங்கினோம். உலக முடிவில் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி வந்து பள்ளத்தை மறைத்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தோம். அதற்கு முன்னே போய்ச் சேர வேண்டும் என்பது எங்களுக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. விடியுமுன் புறப்பட்டோம். காலைச் சாப்பாட்டுப் பார்சலை உலக முடிவில் போய்ச் சாப்பிடலாம் என்று முடிவெடுத்தோம். முடிவெடுத்தது யார் என்று கேட்டால் எல்லோரும்தான்.

எங்களுள் ஒரு தோழிக்கு நீரிழிவு. எங்கள் எவருக்கும் அது தெரியாது. அதிகாலையில் வழக்கம் போல இன்சுலின் போட்டுக்கொண்டு வேனில் ஏறியிருக்கிறார். சாப்பாடு பிந்தும் என்று தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. நடை தொடங்கி ஒரு மணித்தியாலம் போன பிறகு பின்தங்கினார். நாங்கள் திரும்பி நின்று, "வா புள்ள, பனி வரப்போகுது" என்று கூப்பிட்டோம். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். அடுத்த தடவை திரும்பியபோது ஒரு கல்லில் இருந்தார். அந்தக் குளிரில் முகமெல்லாம் வேர்வை. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். அப்போதுதான் மருத்துவருக்கு மருத்துவம் நினைவுக்கு வந்தது. தேத்தண்ணிக்குக் கொண்டுபோன சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணித்தியாலத்தில் தெளிந்தார். பார்சலைப் பிரித்துச் சாப்பிட வைத்தோம். இன்னும் கொஞ்ச நேரம் பிந்தியிருந்தால், விழுங்க முடியாத நிலைக்குப் போயிருப்பார். சுயநினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அந்த இடத்துக்கு எந்த வாகனமும் வராது. 1990 சுவசெரிய வண்டியை அழைத்தாலும் பாதை தொடங்கும் இடம் வரைதான் வரும்.

இதை அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறோம். இதே மண்டபத்தில் இருக்கிறார். "ஏன் சொல்லவில்லை?" என்று அன்றிரவு கேட்டபோது அவர் சொன்னதையும் சொல்லச் சம்மதித்தார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு, பத்து வயதில் புத்தளத்துக்கு வந்து, எங்கள் வாங்கில் வந்து அமர்ந்தவர் அவர். "என்னால மற்றவங்க நிக்கக் கூடாது எண்டு அந்த வயசிலேயே பழகிட்டன்" என்றார். முப்பது வருடம் கூட இருந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு அது தெரியாமல் போயிற்று.

எல்லோருக்கும் அந்தக் காரணம் இராது. ஆனால் நம் பெண்களுள் நோயை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்? 'எனக்குச் சீனி இருக்கு', 'படி ஏறினா நெஞ்சு அடைக்குது', 'முழங்கால் மடங்காது' என்று சொன்னால் பயணம் கெட்டுவிடும் என்று நினைக்கிறோம். ஆகவே ஒருவர் தானாகச் சொல்வார் என்று காத்திராமல், சொல்லாதவரையும் காப்பாற்றக்கூடிய பாதையைத் தெரிவு செய்ய வேண்டும். நாங்கள் கற்றுக்கொண்டது இதுதான்.

பாதையைத் தெரிவு செய்ய மூன்று கேள்விகள் வைத்திருக்கிறோம். முதலாவது, நம்முள் மிக மெதுவாக நடப்பவருக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? இரண்டாவது, பாதி வழியில் மனம் மாறினால் திரும்ப முடியுமா? மூன்றாவது, பனி மூடி எதுவும் தெரியாமல் போனாலும் இந்த நடை நமக்குப் போதுமா? காட்சி எப்படி என்ற கேள்வி இவற்றுக்குப் பிறகுதான்.

இந்தக் கேள்விகளோடு பூங்காவின் பாதைகளைப் பாருங்கள்.

எல்லோரும் போவது வட்டப் பாதை. ஃபார் இன் என்ற பழைய கட்டடத்தில் இருக்கும் பார்வையாளர் நிலையத்தில் தொடங்கி, சிறிய உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி அங்கேயே வந்து முடியும். ஏறத்தாழ 9 கிலோமீற்றர். மூன்று, நான்கு மணித்தியாலம் எடுக்கும். உலக முடிவில் நிலம் 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக விழுகிறது. நீர்வீழ்ச்சி 20 மீற்றர்தான், ஆனால் அதைக் கிட்டப் பார்க்க இறங்கும் வழி செங்குத்து, ஈரத்தில் வழுக்கும். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் வட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. பாதிக்கு வந்துவிட்டால் முன்னே போவதும் பின்னே வருவதும் ஒரே தூரம். குறுக்கு வழி கிடையாது. ஆறு கிலோமீற்றரில் முழங்கால் நோகத் தொடங்கினால் மீதி மூன்றையும் அந்த முழங்காலோடுதான் நடக்க வேண்டும்.

அதே பாதையில் சிறிய உலக முடிவு வரை மட்டும் போய், வந்த வழியே திரும்புவது இரண்டாவது தெரிவு. புல்வெளி, காடு, விளிம்பு மூன்றையும் பார்த்துவிடலாம். எந்த இடத்திலும் "இவ்வளவு போதும்" என்று திரும்பலாம். திரும்புகிறவர் தோற்றவர் ஆகமாட்டார்.

மூன்றாவது, பட்டிப்பொல வாயில் பக்கமாக இருக்கும் தொட்டுபொல மலை. 2,357 மீற்றர், நாட்டின் மூன்றாவது உயரமான சிகரம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பூங்காவே உயரத்தில் இருப்பதால் நாம் ஏறுவது கொஞ்சம்தான். ஆறுதலாக ஏறி இறங்க இரண்டு, இரண்டரை மணித்தியாலம் போதும். கூட்டமும் குறைவு.

நான்காவது கிரிகல்பொத்த, இரண்டாவது உயரமான சிகரம். போக வர ஏறத்தாழ 14 கிலோமீற்றர். பழகிய கால்களுக்கு மட்டும்.

நடக்கவே முடியாதவருக்கும் அங்கே இடம் உண்டு. பார்வையாளர் நிலையத்தின் அருகிலேயே புல்வெளி விரிந்து கிடக்கிறது. மரைகள் வாகனத் தரிப்பிடம் வரை வந்து நிற்கும். அவற்றுக்குத் தீன் கொடுக்காதீர்கள். அது அவற்றுக்கு நோய். அருகில் நின்று படம் எடுக்கவும் வேண்டாம்.

ஆயத்தம் பற்றிச் சில. போவதற்கு ஆறு வாரம் முன்பே மாலையில் அரை மணித்தியாலம் நடக்கத் தொடங்குங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். நம் மாடிப்படியில் இரண்டு தடவை நிற்காமல் ஏறி இறங்கிப் பாருங்கள். நெஞ்சு இறுகினாலோ, தாடையோ முதுகோ தோளோ வலித்தாலோ, வழமைக்கு மாறாகக் களைத்தாலோ பயணத்துக்கு முன்பே மருத்துவரைக் காணுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சு வலியாகவே வருவதில்லை. வாய்வு என்று வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

நீரிழிவுக்கு ஊசியோ குளிசையோ எடுப்பவர்கள் அன்றைய அளவையும் சாப்பாட்டு நேரத்தையும் முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் பாதையில் கால் வைக்க வேண்டாம். பனி வந்தால் வரட்டும். வாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். அது நல்ல சட்டம். ஆகவே சீனியையும் பேரீச்சம்பழத்தையும் சிறு டின்னில் போட்டு, தோளில் இருக்கும் பையில் வையுங்கள், வேனில் விட்டுவிடாதீர்கள். பிடிப்புள்ள சப்பாத்து, மழைக்கோட்டு, கணுக்காலில் சிக்காத உடை. அபாயாவை ஒரு சாண் உயர்த்தித் தைத்துக்கொண்டால் ஏற்றத்தில் மிதிபடாது. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பொதுவாகத் தெளிவாக இருக்கும்.

நடக்கும்போது ஒரே ஒரு விதி. மெதுவாக நடப்பவர் முன்னே, வேகமாக நடப்பவர் பின்னே. பின்னே இருப்பவர் யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது.

இரண்டாம் தடவை அப்படித்தான் போனோம். நுவரெலியாவில் சுபஹுத் தொழுது, ஆறுதலாகச் சாப்பிட்டு, ஒவ்வொருவரும் தன் உடம்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று வட்டமாக இருந்தோம். முதலில் மருத்துவரே தன் இரத்த அழுத்தக் குளிசையைக் காட்டினார். பிறகு மற்றவர்களின் வாயும் திறந்தது. ஒன்பது பேரில் ஆறு பேருக்கு ஏதோ ஒன்று இருந்தது. தொட்டுபொலவைத் தெரிவு செய்தோம். அந்தத் தோழியை முன்னே விட்டோம். அவர் இரண்டு இடத்தில் நின்று, "கொஞ்சம் இருப்பம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. உச்சியில் பனி மூடியிருந்தது. பத்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அங்கேயே இருந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம்.

சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. நிகழ்ச்சி நிரலிலிருந்து 'எல்லோரும்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பாதையை எழுத ஓர் இடம் விடுங்கள். நான்கு பாதைகள், ஒரு புல்வெளி. பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிடலாம். 'எல்லோரும்' என்ற சொல்லை அங்கே போடுங்கள்.

நாளை மாலை ஐந்து மணிக்குப் பாடசாலை வாசலிலிருந்து களப்புப் பக்கமாக நடக்கத் தொடங்குகிறோம். வருகிறவர்கள் வாருங்கள். மெதுவாக நடப்பவர் யாரென்று இப்போதே தெரிந்துகொள்வோம்.