இரைச்சலின் இருப்பிடம்

வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து நல்லதொரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அடுக்களையில் மிக்ஸி சுழலத் தொடங்குகிறது. உடனே பாட்டு மங்கி, 'கரகர' என்னும் ஓசை ஓங்குகிறது. அரைத்து முடிந்ததும் பாட்டு மீண்டும் தெளிகிறது. இந்தச் சிறு தொல்லையை நாம் அப்போதே மறந்துவிடுகிறோம். ஆனால் இதனை எளிதில் மறக்க இயலாத ஒரு கூட்டத்தார் உலகெங்கும் உள்ளனர். அவர்களே அமெச்சூர் வானொலியாளர்கள். 'ஹாம்' என்னும் செல்லப் பெயரும் அவர்களுக்கு உண்டு. அரசினர் நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, தம் வீட்டிலேயே சிறு ஒலிபரப்புக் கருவியை அமைத்து, ஊதியம் கருதாது உலகத்தோடு உரையாடுகின்றவர்கள் அவர்கள். அடியேனும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே.

எங்கள் கருவிகளின் ஆற்றல் மிகச் சிறியது. ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்து வரும் ஒரு நண்பரின் குரல், எம் ஏரியல் கம்பியை அடையும்போது நூலிழைபோல் மெலிந்திருக்கும். அந்த நூலிழையை அறுத்துவிடுவது இரைச்சல். எம் ஏற்பியில் உள்ள மானியின் முள் ஒரு பிரிவு நகர்ந்தால், ஆற்றல் 4 மடங்கு மாறியது என்பது வழக்கமான கணக்கு. இரைச்சலை 3 பிரிவுகள் குறைத்துவிட்டோமானால், அது 64-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதாவது, 10 வாட் கருவியோடு பேசும் ஒருவர், முன்பு 640 வாட் செலவிட்டாலன்றிக் கேட்டிராத தெளிவோடு நமக்குக் கேட்பார். அவர் பக்கம் எதுவும் மாறவில்லை; நம் வீட்டில் ஒரு தொல்லை நீங்கிற்று, அவ்வளவே.

இது வெறும் பொழுதுபோக்குக்காரர்களின் கவலைதானே என்று சிலர் எண்ணலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் அந்தமானின் போர்ட் பிளேரில் ஓர் அமெச்சூர் நிலையத்தை அமைத்து உலகோடு உரையாடி வந்தனர். 26-ஆம் நாள் நிலம் நடுங்கிற்று, ஆழிப்பேரலை எழுந்தது, தொலைபேசித் தொடர்புகள் அற்றன. அப்போது அந்தச் சிறு நிலையம், தீவில் உள்ளோரைப் பற்றிய செய்திகளைத் தாய்நாட்டுக் கரைக்கு எடுத்துச் சென்றது. அத்தகைய வேளையில், கேட்கின்றவரின் காதில் விழும் இரைச்சல் ஓர் உயிரின் செய்தியையே மறைத்துவிடக் கூடுமன்றோ?

அப்படியானால் இந்த இரைச்சல் எங்கிருந்து பிறக்கிறது? ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1887-ஆம் ஆண்டளவில் வானொலி அலைகளை முதன்முதலில் உண்டாக்கிக் காட்டியபோது, அவர் பயன்படுத்தியது ஒரு மின்பொறியைத்தான். மார்க்கோனியின் தொடக்கக்காலக் கருவிகளும் மின்பொறியாலேயே இயங்கின. ஆதலின், எங்கெல்லாம் மின்பொறி எழுகிறதோ, அங்கெல்லாம் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம் நம்மை அறியாமலே இயங்குகிறது எனலாம். மிக்ஸியின் மோட்டாரில், மோட்டார் வண்டியின் எஞ்சினில், மின்கம்பத்தின் தளர்ந்த இணைப்பில் எழும் பொறிகள் யாவும் இவ்வகையின.

நம் காலத்தில் இன்னொரு வகை பெருகிவிட்டது. எல்.இ.டி. விளக்கு, கைப்பேசியின் சார்ஜர், கணினியின் அடாப்டர், சூரிய மின்தகடுகளோடு இணைந்த இன்வர்ட்டர் ஆகியவற்றினுள்ளே ஒரு மின்னணுச் சுவிட்ச், வினாடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிறது. மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த இது சிறந்த வழியே. ஆயின், உள்ளே தக்க வடிகட்டியை அமைக்காமல் மலிவாகச் செய்யப்பட்ட கருவி, அந்தத் துடிப்புகளை மின்கம்பி வழியே வெளியே விட்டுவிடுகிறது. வீட்டுக் கம்பிகளே அதற்கு ஏரியலாகி விடுகின்றன.

இரைச்சலைச் சபித்துக்கொண்டிராமல் அதனை ஆராய்ந்தவர் ஒருவரின் வரலாற்றை இங்கே நினைவுகூர்தல் தகும். அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த கார்ல் ஜான்ஸ்கி என்னும் இளைஞருக்கு, கடல் கடந்த வானொலித் தொலைபேசியைக் கெடுக்கும் இரைச்சலின் மூலத்தைக் கண்டறியும் பணி தரப்பட்டது. அவர் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோம்டெல் என்னுமிடத்தில், மோட்டார் வண்டிச் சக்கரங்களின்மேல் சுழலும் பெரியதோர் ஏரியலை அமைத்து, 20.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நாள்தோறும் குறிப்பெடுத்தார். அருகில் இடிக்கும் இடி ஒன்று. தொலைவில் இடிக்கும் இடி மற்றொன்று. மூன்றாவதாக, காரணம் புலப்படாத மெல்லிய சீற்றம். அந்தச் சீற்றம் 23 மணி 56 நிமிடத்திற்கு ஒருமுறை அதே திசைக்குத் திரும்பி வருவதை அவருடைய குறிப்புகள் காட்டின. விண்மீன்கள் நமக்கு மேலே வந்து மீளும் கால அளவும் அதுவே. நம் பால்வீதியின் மையத்திலிருந்து, தனுசு ராசியின் திசையில், அந்த ஒலி வருகிறது என்று 1933-ஆம் ஆண்டு உலகம் அறிந்தது. வானொலி வானியல் என்னும் புதிய துறையே இவ்வாறு பிறந்தது.

ஜான்ஸ்கியின் வழியை நாமும் பின்பற்றலாம். எந்த நேரத்தில், எந்த அதிர்வெண்ணில், எத்தகைய ஓசை எழுகிறது, அப்போது மழையா வெயிலா என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். குறிப்பேடு தானே பேசத் தொடங்கும். மாலை 6 மணிக்குத் தொடங்கி விடியலில் நின்றால் விளக்கை ஐயுறலாம். கதிரவன் எழும்போது எழுந்து அடையும்போது அடங்கினால் சூரிய மின்கருவியை ஐயுறலாம். உலர்ந்த நாளில் ஓங்கி, மழை நாளில் அடங்கும் கரகரப்பானால், மின்கம்பத்தில் தளர்ந்துபோன ஆணியோ பிணைப்போ காரணமாக இருத்தல் கூடும். ஈரம் அந்த இடைவெளியை நிரப்பி மின்பொறியை அடக்கிவிடுகிறது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று உடையது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை அழுத்தம் உச்சத்தை எட்டுவதால், கம்பத்து இரைச்சல் வினாடிக்கு 100 முறை வெடித்து, ஒரு முரட்டு ரீங்காரமாகக் கேட்கும்.

அடுத்தது தேடுதல். இதில் முதல் விதி, தன் வீட்டிலிருந்தே தொடங்குதல். பாட்டரியில் இயங்கும் ஒரு சிறு ஏற்பியை வைத்துக்கொண்டு, வீட்டின் முதன்மைச் சுவிட்சை நிறுத்திக் கேட்க வேண்டும். இரைச்சல் நின்றால் குற்றவாளி நம் வீட்டிலேயே உள்ளான். பின்னர் ஒவ்வொரு பகுதியாக மின்சாரம் கொடுத்துவந்தால் அவன் அகப்படுவான்.

இந்த விதியை அறிந்தும் அடியேன் தவறினேன். ஒருமுறை 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முழுவதும் ஓயாத இரைச்சலால் மூடிக்கொண்டது. முதன்மைச் சுவிட்சை நிறுத்தினேன், இரைச்சல் நிற்கவில்லை. ஆகவே அது வெளியிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டினேன். அடுத்த வீட்டில் அண்மையில் புதிய விளக்குகள் பொருத்தியிருந்தனர். இரண்டு வாரம் மனத்துக்குள் குமைந்து, ஒருநாள் அங்கே சென்று முறையிட்டேன். அவ்வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர் சினந்தாரல்லர். கையில் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, தம் வீட்டு மின்சாரம் முழுவதையும் நிறுத்தி, "போய்க் கேட்டுப் பாருங்கள், தம்பி" என்றார். கேட்டேன். இரைச்சல் அப்படியே இருந்தது.

"உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தீர்களா?" என்று அவர் வினவினார்.

"நிறுத்தினேன், ஐயா."

"இன்வர்ட்டரையுமா?"

என்னிடம் விடை இல்லை. முதன்மைச் சுவிட்சை நிறுத்தியதும், என் வீட்டு இன்வர்ட்டர் விழித்தெழுந்து, இணையப் பெட்டியின் சிறு அடாப்டருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த அடாப்டரைப் பிடுங்கினேன். அலைவரிசை தெளிந்தது. பெரியவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே, "எல்லா மாணவர்களும் இப்படித்தான், கணக்கின் முதல் வரியில் தவறிவிட்டுக் கடைசி வரியில் தேடுவார்கள்" என்றார்.

பேரறிஞர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது என்பது எனக்குச் சற்றே ஆறுதல். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் நகருக்கு அருகில் 64 மீட்டர் விட்டமுள்ள புகழ்வாய்ந்த வானொலித் தொலைநோக்கி உள்ளது. 1998 முதலே அதன் பதிவுகளில் அவ்வப்போது சில புதிரான துடிப்புகள் தோன்றின. அவை வானிலிருந்து வருவன போலவே காணப்பட்டன. 2015-ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. அவ்வளாகத்திலேயே இருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவை, அது நிற்பதற்கு முன் யாரோ திறந்தபோதெல்லாம் அத்துடிப்பு பிறந்திருக்கிறது.

தன் வீட்டில் குற்றமில்லை என்று உறுதிப்பட்ட பின்னரே தெருவில் இறங்க வேண்டும். சிறு டிரான்சிஸ்டர் பெட்டியின் உள்ளே ஒரு பெரைட் தண்டு இருக்கிறது. மத்திய அலையில் பெட்டியை மெல்லத் திருப்பினால், ஒரு நிலையில் இரைச்சல் மிகக் குறையும். அப்போது அத்தண்டின் முனைகள் நோக்கும் கோட்டில்தான் இரைச்சலின் மூலம் உள்ளது. அது முன்புறமா பின்புறமா என்பது ஓரிடத்தில் தெரியாது. வேறோர் இடத்திலிருந்தும் இவ்வாறே பார்த்து, வரைபடத்தில் இரு கோடுகளையும் வரைந்தால், அவை வெட்டும் இடத்தில் தேடலாம். ஆயினும், தாழ்ந்த அதிர்வெண்ணில் இரைச்சல் மின்கம்பிகளைப் பற்றிக்கொண்டு நெடுந்தூரம் சென்று நம்மை ஏமாற்றும். உயர்ந்த அதிர்வெண்ணில் அது அவ்வளவு தூரம் செல்லாது. எனவே நெருங்க நெருங்க அதிர்வெண்ணை உயர்த்திக்கொண்டே போதல் முறை.

தேடல் மின்கம்பத்தில் முடியுமானால் அங்கே நம் வேலை முடிந்தது. கம்பத்தின் எண்ணைக் குறித்து, குறிப்பேட்டின் படியோடு மின்வாரியத்தாருக்கு எழுதுவதே முறை. கம்பத்தைத் தட்டிப் பார்ப்பதும், தாங்கு கம்பியை ஆட்டிப் பார்ப்பதும் உயிருக்கே தீங்காகும். மின்சாரத்தில் இயங்கும் கருவிகளைத் திறந்து பழுது பார்ப்பதும் பயிற்சி பெற்றவர் செயலேயன்றி மாணவர் செயல் அன்று.

கண்டுபிடித்த இரைச்சலைக் குறைப்பது எங்ஙனம்? பழுதான அடாப்டரை மாற்றிவிடுவதே எளிய மருந்து. மாற்ற இயலாத கருவியின் கம்பியை ஒரு பெரைட் வளையத்தில் பல சுற்றுகள் சுற்றலாம். அது பயனுள்ள மின்சாரத்தைத் தடுக்காமல், வெளியேறும் இரைச்சலை மட்டும் தடுக்கும். சுற்றுகளை இருமடங்காக்கினால் தடை ஏறத்தாழ 4 மடங்காகும். ஆதலால் ஒரே சுற்றோடு மனநிறைவு கொள்ளலாகாது. ஏரியலை வீட்டுச் சுவரிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் இயன்றவரை விலக்கி அமைப்பதும், ஏரியலிலிருந்து இறங்கும் கம்பியில் அத்தகைய வளையத்தைப் பொருத்துவதும் பெரும்பயன் தரும்.

இங்கே ஒரு கடமையையும் சொல்ல வேண்டும். நம் ஒலிபரப்பால் அடுத்த வீட்டாரின் வானொலியோ தொலைக்காட்சியோ கெடுமானால், நாமே அவர்களுக்கு இரைச்சல். நம் கருவியில் தக்க வடிகட்டி அமைத்து, வேண்டாத உயர் அலைகள் வெளியேறாமல் காப்பது நம் பொறுப்பு. அயலாரின் குறைக்குச் செவிகொடுக்காதவர், தம் குறையோடு அயலார் கதவைத் தட்டுவது அழகன்று.

மாணவ நண்பர்களே, இரைச்சல் எங்கும் நிறைந்த ஒன்றுபோல் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அதில் பெரும்பகுதிக்கு ஓர் இருப்பிடம் உண்டு. ஒரு கம்பம், ஒரு விளக்கு, ஓர் அடாப்டர் என்று அதனைச் சுட்டிக் காட்டிவிடலாம். அதற்கு வேண்டுவன விலையுயர்ந்த கருவிகள் அல்ல. ஒரு சிறு வானொலிப் பெட்டி, ஒரு குறிப்பேடு, பொறுமை, இவற்றோடு தன் வீட்டை முதலில் ஐயுறும் நேர்மை, இவை போதும். இன்றிரவே உங்கள் வானொலிப் பெட்டியில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். இன்வர்ட்டரை மட்டும் மறந்துவிடாதீர்கள்.